5 மாதப் பாப்பாவுக்கு என்ன பொம்மை வாங்குவது? விளக்குப் பொம்மையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்

முதல்_பாப்பா:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்கள் பாப்பாவுக்கு 5 மாதம் முடியப் போகிறது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பொம்மை கொண்டு வந்ததில் கூடத்தின் ஒரு மூலையே நிறைந்துவிட்டது. பாதிக்கு மேல் பேட்டரி போட்டவை. அமுக்கினால் பாட்டு, அமுக்காவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானாகவே பாட்டு, ஏழெட்டு நிறத்தில் மின்னும் விளக்கு. பெட்டியில் 'புலன் வளர்ச்சி', 'மூளை வளர்ச்சி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஆனால் அதைப் போட்டதும் ஒரு நிமிடம் கண்கொட்டாமல் பார்க்கிறாள், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், மறுபடி முகத்துக்கு நேரே கொண்டுபோனால் முதுகை வில்லாக வளைத்து அழுகிறாள். அதே குழந்தை, நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கைக்குட்டையைப் பிடித்து இழுத்து, வாயில் வைத்து, எடுத்துப் பார்த்து, மறுபடி வாயில் வைத்து, கால் மணி நேரம் தன்னை மறந்து விளையாடினாள்.

எனக்கு இரண்டு கவலை. விளக்கும் சத்தமும் பிடிக்காமல் போவது ஏதாவது குறையின் அறிகுறியா? அப்புறம், இந்த மாதிரிப் பொம்மைகளை எடுத்து வைத்துவிட்டால் அவளுடைய வளர்ச்சிக்கு நானே குறுக்கே நிற்கிறேனோ என்று யோசித்து யோசித்துத் தூக்கமே வருவதில்லை. உங்கள் வீட்டில் எதைப் பார்த்து வாங்கினீர்கள், எது நிஜமாகவே உதவியது, எதைத் தூக்கிப் பரண்மேல் போட்டீர்கள் என்று சொல்லுங்களேன். எவ்வளவு நீளமாக எழுதினாலும் படிப்பேன்.

இரண்டு_வாலுகள்:

கவலைப்படாதீர்கள் தோழி. கைக்குட்டைதான் உங்கள் பாப்பா தானாகத் தேர்ந்தெடுத்த பொம்மை. என் மூத்தவனுக்குக் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினேன், இளையவளுக்கு வாங்கியது மொத்தமே ஆறேழு சாமான்தான். அவள் அதிகம் விளையாடியது ஒரு மர வளையம், ஒரு துணிப் பந்து, மூடி போட்ட ஒரு காலி டப்பா. மூடியைத் திருகத் தெரிந்தது ஒன்றரை வயதுக்கு மேல்தான். அதுவரை தட்டினாள், உருட்டினாள், உள்ளே கையை விட்டுப் பார்த்தாள், தலையில் கவிழ்த்துக்கொண்டாள். ஒரே டப்பா, ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது.

தவழும்_பாதை:

நான் குழந்தைகளோடு வேலை செய்கிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது கை அசைவுக்கும் விளையாட்டுக்கும் அன்றாட வேலைகளுக்கும் பயிற்சி கொடுப்பவள். இந்தக் கேள்வி வாரத்துக்கு நான்கு பேரிடமிருந்தாவது வருகிறது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

//மறுபடி முகத்துக்கு நேரே கொண்டுபோனால் முதுகை வில்லாக வளைத்து அழுகிறாள்//

அம்மா, அவள் உங்களிடம் 'போதும்' என்று சொல்லியிருக்கிறாள். இந்த வயதில் அதற்கு வேறு வழி இல்லை. பார்வையைத் திருப்புவாள், கொட்டாவி விடுவாள், விக்கல் வரும், விரல்களை விரித்து விறைப்பாக நீட்டுவாள், எதுவும் எடுபடவில்லை என்றால் கடைசியில் அழுவாள். முதல் தடவை முகத்தைத் திருப்பும்போதே பொம்மையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்து பாருங்கள், பெரும்பாலும் அவளே திரும்பி உங்களைத் தேடுவாள். உங்கள் முகத்தைக் கண்ணால் தொடர்கிறாளா, குரல் வரும் பக்கம் திரும்புகிறாளா, எட்டுகிற பொருளைப் பிடிக்கக் கை நீட்டுகிறாளா? இந்த மூன்றும் இருந்தால் ஒரு விளக்குப் பொம்மை பிடிக்காததற்காக மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். இதில் ஏதாவது ஒன்று இல்லையென்றால் பொம்மையை விட்டுவிட்டு முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

பொம்மைக்கு வருகிறேன். பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான், அதாவது பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம். 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் ஃபான்ட்ஸ் என்ற ஆய்வாளர், கைக்குழந்தைகள் வெறும் நிறப் பலகையைவிடக் கோடும் கட்டமும் முகமும் உள்ள படங்களை அதிக நேரம் பார்க்கின்றன என்று காட்டினார். கறுப்பு வெள்ளை அட்டைகள் விற்பதற்கெல்லாம் இதுதான் அடிப்படை. முதல் இரண்டு மூன்று மாதம் அவை சரிதான். உங்கள் பாப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள், இப்போது அவளுக்கு நிறங்கள் நன்றாகவே தெரியும், அதனால் அந்த அட்டை இல்லையே என்று இனி வாங்க வேண்டாம்.

5 மாதத்தில் வேலையெல்லாம் கைக்கும் வாய்க்கும்தான். இப்போது உள்ளங்கையால் அள்ளிப் பிடிப்பாள். 6 மாத வாக்கில் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளி எடுப்பது 9, 10 மாதத்தில் வரும். ஆகவே இப்போதைக்குக் கிலுகிலுப்பை என்றால் பிடி ஒல்லியாக இருக்கட்டும், முகத்தில் விழுந்தால் வலிக்காத எடை இருக்கட்டும், இரண்டு கையாலும் பிடிக்க இடம் இருக்கட்டும். வளையம் நல்லது. வாயில் வைப்பதைத் தடுக்காதீர்கள். கையைவிட உதடும் நாக்கும்தான் இந்த வயதில் அவளுக்கு வடிவம், சூடு, வழவழப்பு எல்லாம் சொல்கின்றன, கைக்குட்டை அவளுக்குப் பிடித்ததும் அதனால்தான். உலர்ந்திருக்கும்போது ஒரு மாதிரி, எச்சில் பட்டு நனைந்ததும் வேறு மாதிரி. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அத்தனையும் அவள் செய்ததால் நடந்தது.

இந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். கரோலின் ரோவி-காலியர் என்ற உளவியலாளர் 1969இல் ஒரு சோதனையை வெளியிட்டார். தொட்டிலுக்கு மேலே தொங்கல் பொம்மை, குழந்தையின் கணுக்காலில் ஒரு ரிப்பன், ரிப்பனின் மறுமுனை அந்தப் பொம்மையில். குழந்தை காலை உதைத்தால் பொம்மை ஆடும். சில நிமிடங்களிலேயே குழந்தைகள் விஷயத்தைப் பிடித்துக்கொண்டு முன்பைவிட அதிகமாக உதைத்தன. பிற்பாடு செய்த சோதனைகளில் 3 மாதக் குழந்தைகள் அதைப் பல நாள் கழித்தும் நினைவில் வைத்திருந்தன. (வீட்டில் யாரும் ரிப்பன் கட்ட வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து. அது ஆட்கள் கூடவே இருந்து செய்த சோதனை.) பொம்மை தானாக ஆடினால் குழந்தை வேடிக்கை பார்க்கிறது. தான் உதைத்ததால் ஆடினால், அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கிறது. பொம்மை வாங்கும்போது நான் மனதில் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றைத்தான்: குழந்தை ஒன்று செய்தால் இது பதில் சொல்கிறதா, குழந்தை நிறுத்தினால் இதுவும் நிற்கிறதா?

ஓட்டமும்_நடையும்:

//பொம்மை தானாக ஆடினால் குழந்தை வேடிக்கை பார்க்கிறது//

மதிக்கிறேன், ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் வேலைக்குப் போகிறவள், வீட்டில் வேறு ஆள் கிடையாது. குளிக்க, வேலையிடத்திலிருந்து வரும் ஒரு போனைப் பேசி முடிக்க, எனக்கு ஒரு பாட்டுப் பொம்மை பத்து நிமிடம் கொடுக்கிறது. அந்தப் பத்து நிமிடம் கிடைக்காவிட்டால் நான் அவனிடம் எரிந்து விழுவேன், அதைவிடப் பாட்டுப் பொம்மை மேல் இல்லையா? இங்கே ஒவ்வொரு இழையிலும் பேட்டரிப் பொம்மை என்றாலே பாவம் செய்துவிட்ட மாதிரி எழுதுகிறார்கள், படிக்கும்போது மனது வலிக்கிறது.

தவழும்_பாதை:

உங்கள் பத்து நிமிடத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாதுகாப்பான இடத்தில் பையனை விட்டுவிட்டு நீங்கள் குளித்து வருவது அவனுக்கும் நல்லதுதான். நான் சொல்ல வந்தது கூட உட்கார்ந்து விளையாடும் நேரத்தைப் பற்றி. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 10 முதல் 16 மாதக் குழந்தைகளும் பெற்றோருமாக 26 ஜோடிகள் வீட்டிலேயே மூன்று வகைச் சாமான்களோடு விளையாடியதை ஒலிப்பதிவு செய்தார்கள். ஒன்று மின்னணுப் பொம்மை, ஒன்று கட்டைகள், புதிர்ப் பலகை மாதிரியான சாதாரணப் பொம்மை, மூன்றாவது படப் புத்தகம். பெற்றோர் குறைவாகப் பேசியது மின்னணுப் பொம்மையோடு இருந்தபோது, அதிகமாகப் பேசியது புத்தகத்தோடு. குழந்தையின் குரலுக்குப் பதில் குரல் கொடுப்பதும் மின்னணுப் பொம்மை இருந்தபோது குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் நான் தினமும் பார்ப்பதும் அதுவே. பொம்மை பேச ஆரம்பித்தால் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்கிறோம். அதனால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது சுவிட்சை அணைத்துவிட்டு அதே பொம்மையைக் கொடுங்கள். பட்டன், சக்கரம், மூடி எல்லாம் அப்படியேதான் இருக்கும், சத்தத்தை நீங்கள் போடுங்கள்.

சத்தத்தைப் பற்றி இன்னொன்று. நாம் கையை நீட்டிப் பிடித்துக் கேட்டுப் பார்த்து 'பரவாயில்லை' என்கிறோம். குழந்தையின் கை குட்டை, பொம்மை அதன் காதோரம் போய்விடும். தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் கூடும். உங்கள் சொந்தக் காதருகே வைத்துக் கேளுங்கள், முகம் சுளித்தால் ஒலிபெருக்கித் துளைகள் மேல் நல்ல பிளாஸ்திரியாக ஒட்டுங்கள், சத்தம் கொஞ்சம் அடங்கும். பிளாஸ்திரி உரிந்து வாய்க்குப் போகாத இடமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டமும்_நடையும்:

சரி, இது புரிகிறது. சுவிட்சை அணைத்துக் கொடுப்பது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

இரவுப்_பணி_அப்பா:

வளர்ச்சியைப் பற்றி நீங்கள் எல்லாரும் பேசுங்கள், நான் பாதுகாப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த ஒரு ராத்திரியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என் பையனுக்கு அப்போது 14 மாதம். காலை ஐந்து மணிக்கு வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், பாடுகிற வாத்துப் பொம்மையின் முதுகு மூடி திறந்து கிடக்கிறது, உள்ளே மூன்று பட்டன் பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கிறது. அந்த மூடிக்குத் திருகாணியே கிடையாது, நகத்தால் நெம்பினால் வந்துவிடும். தூங்கிக்கொண்டிருந்தவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடி, எக்ஸ்ரே எடுத்து, ஒன்றும் இல்லை என்று அவர்கள் சொல்லும்வரை என் கை நடுங்கியது நிற்கவில்லை. மூன்றாவது பேட்டரி சோபாவுக்கு அடியில் கிடந்தது.

அங்கே மருத்துவர் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் ஈரத்தில் மின்சாரம் ஓடி, அந்த இடத்தில் காரத்தன்மை ஏறி, இரண்டே மணி நேரத்தில் திசு வெந்துபோகலாம். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் பேட்டரிதான் மிகப் பெரிய ஆபத்து. பையன் விழுங்கியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், எச்சில் வடிவதும் இருமலும் வெறும் சளி மாதிரியே தெரியும். சந்தேகம் வந்தால் காத்திருக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாங்குமுன் பொம்மையைத் திருப்பிப் பாருங்கள், பேட்டரி மூடியில் திருகாணி இல்லையென்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

சின்னக் காந்தங்களும் அப்படித்தான். இரண்டை விழுங்கிவிட்டால் குடல் சுவரை நடுவில் வைத்துக்கொண்டு ஒன்றையொன்று இழுக்கும், குடல் ஓட்டையாகிவிடும். தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண மணிகளைப் 'புலன் விளையாட்டு' என்றே விற்கிறார்கள், தயவுசெய்து வீட்டுக்குள்ளேயே கொண்டு வராதீர்கள். வாங்கும்போது கடுகளவு, வயிற்றுக்குள் போனபிறகும் ஊதிக்கொண்டே இருக்கும், குடலை அடைக்கும், சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரிவதும் இல்லை.

அளவுக்கு ஒரு கணக்கு. 3 வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் சுமார் 32 மில்லிமீட்டர், அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கும் சாமான் என்று வைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் அதற்குப் பதிலாகக் கழிவறைக் காகிதச் சுருளின் காலி அட்டைக் குழாயை வைத்துக்கொள்ளுங்கள். அது அந்த உருளையைவிடக் கொஞ்சம் பெரிது, அதனால் இன்னும் பத்திரம். குழாய்க்குள் நுழைகிற பொருள் குட்டியின் கைக்குப் போகக் கூடாது. அப்புறம் பெட்டியில் 0-3 என்று எழுதி முகத்தின் குறுக்கே கோடு போட்ட குறி இருந்தால் அது அறிவுக்கான வயது இல்லை. 'என் குழந்தை கெட்டிக்காரி, இப்போதே விளையாடுவாள்' என்று வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குறி சொல்வது மூச்சடைக்கும் ஆபத்தை.

முதல்_பாப்பா:

படித்ததும் எழுந்துபோய் எல்லாப் பொம்மையையும் திருப்பிப் பார்த்தேன். இரண்டுக்குத் திருகாணி இல்லை, இரண்டையும் எடுத்துவிட்டேன். உங்கள் பையன் நன்றாக இருப்பது பெரிய நிம்மதி அண்ணா.

தவழும்_பாதை:

முதல்_பாப்பா, தொட்டிலுக்கு மேலே தொங்கல் பொம்மை கட்டியிருக்கிறீர்களா? கட்டியிருந்தால் இந்த வாரமே கழற்றிவிடுங்கள். 5 மாதம் ஆனாலோ, கையும் முழங்காலும் ஊன்றி எழும்ப ஆரம்பித்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது எடுத்துவிட வேண்டும். இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஒரு வயது வரை தூங்குமிடத்தில் பஞ்சு பொம்மையும் வேண்டாம், தலையணையும் வேண்டாம். பஞ்சு பொம்மை முழித்திருக்கும் நேரத்துக்கு மட்டும்.

முந்திவந்த_முத்து:

என் கேள்வியும் இதை ஒட்டியதுதான். என் மகன் 8 வாரம் முன்னதாகப் பிறந்தவன். காலண்டர்படி 5 மாதம். பெட்டியில் '3 மாதம் முதல்' என்று போட்ட கிலுகிலுப்பையையே பிடிக்க மாட்டேன் என்கிறான். கையில் வைத்தால் இறுக்கிப் பிடிக்கிறான், தானாக எடுக்கப் போவதில்லை. வருகிறவர்கள் எல்லாம் 'இன்னுமா?' என்கிறார்கள்.

தவழும்_பாதை:

பிறந்த தேதியிலிருந்து 8 வாரத்தைக் கழியுங்கள். அவனுடைய திருத்திய வயது சுமார் 3 மாதம். பொம்மைப் பெட்டியில் உள்ள வயதையும், எப்போது என்ன செய்வான் என்பதையும் இந்தத் திருத்திய வயதை வைத்துத்தான் பார்க்க வேண்டும், பொதுவாக 2 வயது வரை அப்படித்தான் கணக்கு. உள்ளங்கையில் வைத்ததை இறுக்குவது பிறவியிலேயே வரும் அனிச்சைப் பிடிப்பு. அது தளர்ந்த பிறகுதான் வேண்டுமென்றே எட்டிப் பிடிப்பது வரும், அதற்கு அவனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. முன்னதாகப் பிறந்தவர்களில் பலருக்குச் சத்தமும் வெளிச்சமும் சீக்கிரம் திகட்டிவிடும், அதனால் ஒரு சமயத்தில் ஒரே ஒரு புலனுக்குக் கொடுங்கள். பொம்மையைக் காட்டும்போது பேசாதீர்கள், பேசும்போது பொம்மையை ஆட்டாதீர்கள். 'இன்னுமா' என்று கேட்கிறவர்களிடம் திருத்திய வயதைச் சொல்லுங்கள், நீங்கள் பதறாமல் இருப்பதே அவனுக்குப் பலம்.

முந்திவந்த_முத்து:

3 மாதம் என்று மனதில் வைத்துப் பார்த்தால் அவன் செய்வதெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது! அழுகையே வந்துவிட்டது. நன்றி மேடம்.

விரல்நுனி:

விளக்குப் பொம்மையைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். என் மகளுக்குக் கண் நன்றாகவே இருக்கிறது, மூளை அதைப் புரிந்துகொள்வதில்தான் குறை. 7 மாதம்வரை எந்தப் பொம்மையையும் பார்க்க மாட்டாள், பொம்மையைக் காட்டினால் ஜன்னலைப் பார்ப்பாள். தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தது இதுதான்: அறையை இருட்டாக்கு, பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிடு, ஒரே நிறத்தில், மின்னாமல், நின்று எரிகிற ஒரு விளக்குப் பொம்மையை அவள் பார்வை எட்டுகிற பக்கமாக மெல்ல அசை, வாயைத் திறக்காதே, காத்திரு. முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம், சிவப்பு விளக்கை வைத்துவிட்டு மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், நாற்பதைத் தாண்டியபோது அவள் தலை திரும்பியது. கண் வந்து நின்றது. அப்புறம் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி விளக்கைத் தொட்டாள். பார்த்துக்கொண்டே தொடுவது இவர்களுக்குச் சிரமமாம், பார்த்துவிட்டு அப்புறம்தான் தொடுவார்களாம். அன்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அதனால் விளக்குப் பொம்மையே கெட்டது என்று யாரும் பொதுப்படையாக எழுதிவிடாதீர்கள். எங்களுக்கு அதுதான் கதவைத் திறந்தது. மின்னி மின்னிப் பாடிக்கொண்டே எரிவது மட்டும் எங்களுக்கும் உதவவில்லை.

தவழும்_பாதை:

உங்கள் பதிவுக்கு நன்றி ஐயா, நானே இதைச் சொல்லியிருக்க வேண்டும். பார்வை, கேட்டல், தசை இறுக்கம், தொடு உணர்வு இவற்றில் சிரமம் உள்ள குழந்தைகளுக்குப் பொம்மைத் தேர்வே வேறு. ஒரு சுவிட்சைத் தட்டினால் விசிறி சுற்றும், விளக்கு எரியும் என்று செய்துகொடுக்கும் பொம்மைகளால், கையைச் சரியாக அசைக்க முடியாத குழந்தைகள் முதல் முறையாக 'நான் செய்தேன்' என்று சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பேட்டரி அங்கே குழந்தையின் கைக்குப் பலமாக வேலை செய்கிறது.

20_மாதச்_சூறாவளி:

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கும் சொல்லுங்களேன். என் மகளுக்கு 20 மாதம். அறை நிறையப் பொம்மை, ஒன்றிலும் இரண்டு நிமிடம் நிற்பதில்லை. கூடையைக் கவிழ்ப்பாள், எல்லாவற்றையும் மிதிப்பாள், சோபாமேல் ஏறிக் குதிப்பாள். கவனக் குறைவோ என்று பயமாக இருக்கிறது.

இரண்டு_வாலுகள்:

முக்கால்வாசியை மூட்டை கட்டி மேலே வையுங்கள். நிஜமாகச் சொல்கிறேன். வாரம் ஒருமுறை மாற்றி மாற்றி இறக்குங்கள், பழைய பொம்மையே புதுசு மாதிரி தெரியும்.

தவழும்_பாதை:

இரண்டு_வாலுகள் சொன்னதற்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் செய்து 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 36 சிறு பிள்ளைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் ஒருமுறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றிலும் அதிக நேரம் நின்றார்கள், ஒரே பொம்மையைப் பல விதமாகப் பயன்படுத்தவும் செய்தார்கள்.

சோபாமேல் குதிப்பதைப் பற்றி: ஐம்புலன் என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் உடம்புக்குள் இன்னும் இரண்டு முக்கியமான உணர்வுகள் உண்டு. ஒன்று உள்காதில் இருக்கும் சமநிலை உணர்வு, இன்னொன்று தசையும் மூட்டும் சொல்லும் 'என் கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு பலம் போடுகிறேன்' என்ற உணர்வு. உங்கள் மகள் தேடுவது இவற்றைத்தான் என்று தோன்றுகிறது. தள்ளுவதற்குக் கனமான பெட்டி, இழுப்பதற்குக் கயிறு கட்டிய வண்டி (கயிறு குட்டையாக இருக்கட்டும்), ஏறி இறங்கத் தலையணைக் குவியல், தூக்கிப் போட ஒரு பெரிய துணிப் பந்து கொடுங்கள். நன்றாக உடம்பு அலுத்த பிறகு ஊற்றுவது, நிரப்புவது, கொட்டுவது மாதிரியான அமைதியான விளையாட்டைக் கொடுத்தால் நிற்பாள். ஒரு அகலமான தட்டில் கொஞ்சம் தண்ணீர், இரண்டு கிண்ணம், ஒரு கடற்பஞ்சு போதும். தண்ணீர் இருக்கிறவரை நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும், இரண்டு அங்குலத் தண்ணீரும் ஆபத்துதான். 20 மாதத்தில் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்பது சாதாரணம், அதைக் கவனக் குறைவு என்று சொல்ல முடியாது.

நடக்கப் பழகும் பிள்ளை வீட்டில் இருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள்: உள்ளே உட்கார வைத்துத் தள்ளும் சக்கர வாக்கர் வேண்டாம். நடப்பதைச் சீக்கிரமாக்காது, படிக்கட்டில் உருண்டு விழுந்தவர்கள் ஏராளம், கனடாவில் 2004 முதல் அதை விற்பதற்கே தடை. பின்னால் நின்று தள்ளும் நடைவண்டி வேறு, அது நல்லது.

பழைய_டீச்சர்:

குழந்தைகள் காப்பகத்தில் 22 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இங்கே யாரும் கூடையைப் பற்றிச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். எலினோர் கோல்ட்ஷ்மீட் என்ற அம்மையார் சொல்லிக்கொடுத்த முறை, நாங்கள் புதையல் கூடை என்போம். உட்காரத் தெரிந்து, இன்னும் தவழ ஆரம்பிக்காத குழந்தைகளுக்கு. குழந்தையின் கை உள்ளே எட்டுகிற உயரத்தில், சாயாத, கனமான ஒரு கூடை. அதற்குள் வீட்டில் புழங்கும் பொருட்கள்: மரக்கரண்டி, இரும்புக் கரண்டி, தோல் பர்ஸ், கம்பளித் துண்டு, பெரிய மரவளையம், முடி உதிராத தூரிகை, உள்ளங்கையைவிடப் பெரிய வழவழப்பான கல், நார்ப் பந்து. பிளாஸ்டிக் வேண்டாம் என்பது அந்த அம்மையாரின் கருத்து. பிளாஸ்டிக் எதை எடுத்தாலும் வாய்க்கு ஒரே மாதிரிதான் இருக்கும், எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். இரும்புக் கரண்டி சில்லென்று இருக்கும், கொஞ்ச நேரம் பிடித்தால் சூடாகும், மரம் அப்படி இல்லை. அதைக் குழந்தை கண்டுபிடிப்பதைப் பார்ப்பதே தனி சந்தோஷம்.

பெரியவர் பக்கத்தில் உட்கார வேண்டும், எடுத்துக் கொடுக்கக் கூடாது, 'இது கரண்டி, இது பந்து' என்று பாடம் நடத்தவும் கூடாது. நிமிர்ந்து பார்த்தால் அவர்கள் கண்ணுக்கு உங்கள் முகம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். குழந்தை களைத்தால் எடுத்து வைத்துவிடுங்கள், கூடையை நாள் முழுக்கத் தரையில் போட்டு வைத்தால் அதன் மதிப்பு போய்விடும். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, உடைந்தது, பிசிறியது இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

ஓட்டமும்_நடையும்:

டீச்சர், பேசக் கூடாது என்கிறீர்கள், மேலே தெரபிஸ்ட் மேடம் பேசுங்கள் என்கிறார்கள். எதைக் கேட்பது?

பழைய_டீச்சர்:

நல்ல கேள்வி கண்ணு. குழந்தை பொருளில் மூழ்கியிருக்கும்போது பேசாதே, உன்னை நிமிர்ந்து பார்த்தாலோ குரல் கொடுத்தாலோ உடனே பேசு. நாள் முழுக்கப் பேசத்தான் குளியல் இருக்கிறது, உடை மாற்றுவது இருக்கிறது, தூக்கி நடப்பது இருக்கிறது. கூடை நேரம் இருபது நிமிடம்தானே.

முதல்_பாப்பா:

ஆறு வாரம் கழித்து வருகிறேன், என்ன ஆயிற்று என்று சொல்லாமல் போக மனமில்லை. அப்போது அவளுக்கு உட்காரத் தெரியாது, அதனால் முதலில் கவிழ்த்துப் போட்டு எதிரே இரண்டே பொருள் வைத்தேன், அந்தக் கைக்குட்டை, அப்புறம் ஒரு மரவளையம். எட்டுகிற தூரத்துக்கு ஒரு விரல் தள்ளி வைத்தேன். வளையத்தின்மேல் கைபட்டு அது நகர்ந்து போனதும் ஒரு கோபம் வந்தது பாருங்கள், மூக்கைச் சுருக்கி, கால் இரண்டையும் தரையில் அடித்து, மூன்றாவது தடவை பிடித்துவிட்டாள். நான் தள்ளிக் கொடுக்காமல் இருக்க என் கையை நானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விளக்குப் பொம்மைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன், பேட்டரியை எடுத்துவிட்டு. அதில் ஒரு உருளை இருக்கிறது, கையால் தட்டினால் சுற்றும். முன்பு பாட்டும் மின்னலும் இருந்தபோது அந்த உருளை அவள் கண்ணில் படவே இல்லை. மற்றவற்றை மூட்டை கட்டி மேலே வைத்துவிட்டேன், ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன்.

நேற்றிலிருந்து சாய்மானம் இல்லாமல் உட்காருகிறாள். அதனால் இன்று டீச்சர் சொன்ன கூடை. பத்துப் பொருள் வைத்தேன், அட்டைக் குழாயில் நுழையாததாகப் பார்த்து. இரும்புக் கரண்டியை எடுத்தாள், வாயில் வைத்தாள், சில்லென்று இருந்ததால் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு எடுத்து அதையே முறைத்தாள், பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். 'குளிருதா?' என்று மட்டும் கேட்டேன். மறுபடி வாயில் வைத்தாள். அதன் பிறகு கரண்டியைக் கீழே விட்டுவிட்டு, மிச்ச நேரம் முழுக்கக் கூடையின் விளிம்பையே நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள், கர்ர் கர்ர் என்று. உள்ளே இருக்கும் ஒன்பதையும் தொடவே இல்லை. இது பரவாயில்லையா டீச்சர்?

பழைய_டீச்சர்:

ரொம்ப நல்லது, நாளைக்கும் அதையே செய்ய விடு. விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று மட்டும் நீ ஒருமுறை உன் விரலால் சுற்றித் தடவிப் பார்த்துவிடம்மா.